மாம்பழ கேக் அடியில் வேகவில்லை, படத்தில் பச்சையடிக்கிறது

கேள்வி: சேலத்தில் வீட்டிலிருந்தபடியே முட்டையில்லா கேக் செய்து அக்கம்பக்கத்தாருக்கும் உறவினருக்கும் விற்று வருகிறேன். மாம்பழக் காலம் வந்தால் எல்லோரும் மாம்பழ கேக்தான் கேட்கிறார்கள். ஆனால் கேக்கின் அடிப்பாகம் வேகாமல் களியாக நிற்கிறது. உள்ளே போடும் பழத்துண்டுகள் அடியில் போய் உட்கார்ந்துவிடுகின்றன. கிரீம் வைத்து அடுக்கினால் மறுநாள் காலையில் மஞ்சள் தண்ணீர் வடிந்திருக்கிறது. செல்போனில் படம் எடுத்தால் கேக் பச்சையடித்துத் தெரிகிறது. ஃபில்டர் போட்டு அனுப்பியபோது, ‘படத்தில் பார்த்தது வேறு, வந்தது வேறு’ என்று ஒரு வாடிக்கையாளர் வருத்தப்பட்டார். மாம்பழ எசென்ஸும் கலரும் சேர்க்கச் சொல்கிறார் பொருள் வாங்கும் கடைக்காரர். ரிங் லைட் வாங்கித் தருவதாகச் சொல்கிறார் கணவர். ஜூன் கடைசியில் ஒரு நிச்சயதார்த்தத்துக்கு 3 கிலோ கேக் கேட்டிருக்கிறார்கள். ஒப்புக்கொள்ளவே பயமாக இருக்கிறது. என்ன செய்யலாம்?

— வாசகி, சேலம்

அன்புள்ள சகோதரிக்கு,

எசென்ஸ் வேண்டாம். கலர் வேண்டாம். ரிங் லைட்டும் வேண்டாம். அந்தப் பணத்தில் ஓவனுக்குள் வைக்கும் வெப்பமானி ஒன்றும், கிராம் கணக்கில் நிறுக்கும் சிறிய தராசு ஒன்றும் வாங்கிக்கொள்ளுங்கள். சேலத்தில் இருந்துகொண்டு மாம்பழத்துக்கு எசென்ஸ் தேடுவதை என் மனம் ஒப்பவில்லை. ஏப்ரலில் தொடங்கி ஜூலை வரை உங்கள் ஊர்க் கடைத்தெருவில் குவியும் பழங்களின் மணத்தை எந்தப் புட்டியும் தராது.

அடி வேகாததும், துண்டுகள் மூழ்குவதும், கிரீம் வடிவதும் உங்களுக்குத் தனித்தனிக் குறைகளாகத் தெரிகின்றன. மூன்றுக்கும் காரணம் பழத்திலிருக்கும் தண்ணீர். 100 கிராம் மாம்பழச் சதையில் ஏறக்குறைய 83 கிராம் தண்ணீர்தான். மிக்சியில் அரைத்த கூழை ஒரு கப் ஊற்றினால் முக்கால் கப்புக்கு மேல் தண்ணீர் ஊற்றியதாகக் கணக்கு வைத்துக்கொள்ள வேண்டும். பாலையும் தயிரையும் குறைக்காமல் இதையும் சேர்த்தால் அடி எப்படி வேகும்? முட்டையில்லாத கேக்கில் இது இன்னும் கடுமையாகத் தெரியும். முட்டை சூட்டில் இறுகிக் கேக்கைத் தாங்கிப் பிடிக்கும். அது இல்லாதபோது முழுப் பாரமும் மைதாவின் மேல் விழுகிறது.

முதலில் பழத்தைப் பற்றிப் பேசிவிடுகிறேன். எல்லா மாம்பழமும் ஓவனுக்கு ஏற்றதல்ல. இமாம்பசந்தைச் சுடாதீர்கள். அதன் நுட்பமான மணம் சூட்டில் நிற்காது, விலையும் அதிகம். தோலைச் சீவி அப்படியே சாப்பிட வேண்டிய பழம் அது. மல்கோவாவும் என் கணக்கில் அப்படித்தான். மிஞ்சிப் போனால் கேக்கின் மேல் அலங்காரத்துக்கு வைக்கலாம். மாவில் கலக்கும் கூழுக்குச் செந்தூராவோ அல்போன்சாவோ எடுங்கள். இனிப்போடு கொஞ்சம் புளிப்பும் இருக்கும் பழம்தான் சர்க்கரையும் மைதாவும் சேர்ந்த பிறகும் தன் சுவையைக் காட்டும். நார் தட்டுப்பட்டால் அரைத்த கூழை வடிகட்டிக்கொள்ளுங்கள். துண்டுகளுக்குப் பங்கனப்பள்ளி சரியாக வரும்: நார் கிடையாது, சதை கெட்டி. முழுதும் கனிவதற்கு ஒரு நாள் முன்பு, விரலால் அழுத்தினால் லேசாக மட்டும் அமுங்கும் பக்குவத்தில் எடுக்க வேண்டும்.

தோல் எங்கும் ஒரே மஞ்சளாக இருந்து, காம்பருகே முகர்ந்தால் மணமே இல்லாத பழத்தை வாங்காதீர்கள். கால்சியம் கார்பைடு வைத்துப் பழுக்கவைப்பது நம் நாட்டில் சட்டப்படி தடை செய்யப்பட்டது. ஆனாலும் சீசன் தொடக்கத்தில் அப்படிப்பட்ட பழம் சந்தைக்கு வரத்தான் செய்கிறது. வெளியே பழுத்து உள்ளே காயாக இருக்கும் அந்தப் பழத்தை வைத்து நல்ல கேக் செய்ய முடியாது. முற்றிய காயாக வாங்கி வைக்கோலில் வைத்து நீங்களே பழுக்கவையுங்கள். எந்த நாளில் எந்தப் பழம் கிடைக்கும் என்பது உங்கள் கையில் இருக்கும்.

அடுத்து, கூழைச் சுண்டவைக்க வேண்டும். 300 கிராம் கூழை அடிகனமான பாத்திரத்தில் ஊற்றி, மிதமான தீயில் கிளறிக்கொண்டே இருந்து, 200 கிராம் ஆகும்வரை வற்றவையுங்கள். கண்ணால் மதிப்பிடாதீர்கள். பாத்திரத்தின் எடையை முன்பே குறித்துவைத்துக்கொண்டு இறக்கி நிறுத்துப் பாருங்கள். கூழ் குமிழ் விட்டுத் தெறிக்கும், சுட்டால் பொல்லாது. நீளக் காம்புள்ள கரண்டியைப் பயன்படுத்துங்கள். முழுதும் ஆறிய பிறகே மாவில் சேர்க்க வேண்டும். கிருஷ்ணகிரிப் பக்கத்து ஆலைகளிலிருந்து வரும் டின் கூழைப் பயன்படுத்துவதில் தவறில்லை. ஆனால் பெரும்பாலான டின்களில் சர்க்கரை சேர்த்திருப்பார்கள். லேபிளைப் படித்துவிட்டு உங்கள் சர்க்கரையைக் குறையுங்கள்.

என் வகுப்பில் நான் கற்றுத்தரும் அளவு இது. மைதா 200 கிராம், பேக்கிங் பவுடர் ஒன்றரை தேக்கரண்டி, பேக்கிங் சோடா அரைத் தேக்கரண்டி, ஒரு சிட்டிகை உப்பு ஆகியவற்றைச் சேர்த்து இரண்டு முறை சலிக்க வேண்டும். வேறொரு பாத்திரத்தில் சுண்டவைத்த கூழ் 200 கிராம், பொடித்த சர்க்கரை 130 கிராம், கெட்டித் தயிர் 80 கிராம், மணமில்லாத எண்ணெய் 90 மில்லி ஆகியவற்றை நன்றாக அடித்துக்கொள்ளுங்கள். இரண்டையும் கலக்கும்போது மாவு மறைந்ததும் கையை எடுத்துவிட வேண்டும். அதற்கு மேல் அடித்தால் கேக் ரப்பராகும். கலவை மிகவும் கெட்டியாக இருந்தால் மட்டும் பால் 40 மில்லி வரை சேர்க்கலாம். கரண்டியிலிருந்து அது ஒழுகி ஓடக் கூடாது, தயங்கித் தயங்கி விழ வேண்டும். 7 அங்குல வட்டத் தட்டுக்கு இந்த அளவு போதும். கலந்தவுடன் ஓவனுக்குள் போய்விட வேண்டும். தயிரும் சோடாவும் சேர்ந்த நொடியிலேயே வாயு கிளம்பத் தொடங்கிவிடும். தொலைபேசி வந்தது, மணி அடித்தது என்று கலவையைக் காத்திருக்கவைத்தால் எழும்ப வேண்டிய கேக் எழும்பாது.

வெப்பமானியை ஏன் வாங்கச் சொன்னேன் என்றால், வீட்டு ஓடிஜி அடுப்புகளின் திருகு காட்டும் எண்ணும் உள்ளே இருக்கும் சூடும் பெரும்பாலும் ஒத்துப்போவதில்லை. 20 டிகிரி வித்தியாசம் சாதாரணம். 170 டிகிரி என்று நீங்கள் நினைத்திருக்கும்போது உள்ளே 190 இருந்தால், மேல்தோல் சிவந்து உங்களை ஏமாற்றும். நடுவும் அடியும் பச்சையாகவே இருக்கும். குறைந்தது 15 நிமிடம் முன்சூடு செய்து, உள்ளே உண்மையிலேயே 170 இருப்பதைப் பார்த்துவிட்டுத் தட்டை வையுங்கள். 40 முதல் 50 நிமிடம் ஆகலாம். குச்சியை ஓரத்தில் குத்தாதீர்கள், நடுவில் குத்திப் பாருங்கள். குத்திப் பார்க்கும் வெப்பமானி இருந்தால் நடுப்பகுதி 96 முதல் 98 டிகிரி காட்டும்போது எடுத்துவிடலாம். பழ கேக்குக்கு அதைவிட நம்பகமான சோதனை கிடையாது.

துண்டுகள் மூழ்காமல் இருக்க மைதாவில் புரட்டிப் போடச் சொல்வார்கள். கலவை கெட்டியாக இருந்தால்தான் அது உதவும். நீர்த்த கலவையில் எதில் புரட்டினாலும் துண்டு கீழே போகத்தான் செய்யும். அரை அங்குலத்துக்கு மேல் துண்டு வேண்டாம். துணியில் ஒற்றி ஈரத்தை எடுங்கள். கலவையில் பாதியைத் துண்டில்லாமல் முதலில் ஊற்றிவிட்டு, மீதிப் பாதியில் மட்டும் துண்டுகளைச் சேர்த்து மேலே பரப்புங்கள். 7 அங்குலக் கேக்குக்கு 80 கிராம் போதும். நிறையப் பழம் போட வேண்டும் என்ற ஆசை எனக்குப் புரிகிறது. அந்த ஆசையை மேல் அலங்காரத்தில் தீர்த்துக்கொள்ளுங்கள்.

நிறத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். உண்மையான மாம்பழ கேக் வெளிர் மஞ்சளாகத்தான் இருக்கும். ஆரஞ்சு நிறத்தில் கடைகளில் பார்ப்பது கலர். நிறம் கூட்ட மஞ்சள்தூள் போடலாமா என்று பலர் கேட்கிறார்கள். சோடா சேர்ந்த கலவையில் மஞ்சள்தூள் செம்பழுப்பாகிவிடும், வேண்டாம். மாம்பழத்தின் மஞ்சளுக்குச் சோடாவால் கெடுதல் இல்லை. நாவல்பழமும் கம்பம் பன்னீர் திராட்சையும் அப்படியல்ல. அவற்றின் ஊதா நிறம் சோடா பட்டால் நீலச் சாம்பலாக மாறும். அவற்றைச் செய்யும் நாளில் சோடாவை விட்டுவிட்டு, பேக்கிங் பவுடரை மட்டும் வைத்து, கொஞ்சம் எலுமிச்சைச் சாறும் சேர்த்துக்கொள்ளுங்கள். பலாச்சுளை வேறு ரகம். அதில் தண்ணீர் குறைவு, மணம் அதிகம். பொடியாக நறுக்கி வெல்லத்தோடு வதக்கிச் சேர்த்தால் சுண்டவைக்கும் வேலையே பாதியாகக் குறையும். பலாப்பழ கேக்கை ஏன் இவ்வளவு குறைவாகச் செய்கிறோம் என்று எனக்கு ஆதங்கம் உண்டு.

இனி கிரீம். பழத்துண்டின் மேல் சர்க்கரை தூவினாலும், சர்க்கரை சேர்ந்த கிரீமை வைத்தாலும், அந்தச் சர்க்கரை துண்டுக்குள்ளிருக்கும் நீரை வெளியே இழுக்கும். நீங்கள் காலையில் பார்க்கும் மஞ்சள் தண்ணீர் அதுதான். அடுக்குகளுக்கு நடுவே சமைக்காத பழத்துண்டுகளை வைக்காதீர்கள். 200 கிராம் கூழில் ஒரு மேசைக்கரண்டி சோளமாவைக் கரைத்து, கொதி வந்த பிறகும் ஒரு நிமிடம் கிளறி, இறக்கிக் குளிரவைத்தால் கெட்டியான பூரணம் கிடைக்கும். அடுக்கின் ஓரத்தைச் சுற்றிக் கிரீமால் வரப்பு கட்டி, அதற்குள் இந்தப் பூரணத்தைப் பரப்புங்கள். ஒரு சொட்டும் வெளியே வராது. கிரீமுக்குள்ளேயே கூழ் கலக்க விரும்பினால், சுண்டவைத்து நன்றாகக் குளிரவைத்த கூழாக, கிரீமின் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் போகாமல் கலக்க வேண்டும்.

மேலே வைக்கும் துண்டுகளை அன்றைக்கே வெட்டி, அன்றைக்கே வையுங்கள். பளபளப்புக்கு அகர் அகர் போதும். மளிகைக் கடைகளில் சைனா கிராஸ், கடல்பாசி என்ற பெயர்களிலும் கிடைக்கும். 200 மில்லி தண்ணீரில் அரைத் தேக்கரண்டி அகர் அகர் தூளும் இரண்டு மேசைக்கரண்டி சர்க்கரையும் சேர்த்து இரண்டு நிமிடம் கொதிக்கவைத்து, வெதுவெதுப்பாக இருக்கும்போதே தூரிகையால் துண்டுகள்மேல் தடவிவிடுங்கள். ஜெலட்டின் நம் மே மாத வெயிலில் உருகிவிடும். அகர் அகர் ஒருமுறை உறைந்தால் மறுபடி உருக 85 டிகிரி அளவுக்குச் சூடு வேண்டும். நம் ஊருக்கென்றே அமைந்த பொருள்.

படத்துக்கு வருகிறேன். உங்கள் கேக் பச்சையடிப்பதற்கு இரண்டு காரணங்கள் இருக்கின்றன. ஒன்று, சமையலறை டியூப்லைட். ஜன்னல் வெளிச்சத்தின் நிறம் வேறு, டியூப்லைட்டின் நிறம் வேறு. இரண்டும் ஒரே கேக்கின் மேல் விழுந்தால் எந்தக் கேமராவாலும் சரிசெய்ய முடியாது. படம் எடுக்கும்போது அறையிலுள்ள எல்லா விளக்குகளையும் அணைத்துவிடுங்கள். இரண்டாவது காரணம் செல்போனுக்குள் இருக்கிறது. திரை முழுதும் மஞ்சளாக இருந்தால், வெளிச்சம்தான் மஞ்சளாக இருக்கிறது என்று கேமரா தவறாகப் புரிந்துகொண்டு நீலத்தைச் சேர்த்துவிடும். மாம்பழம் சோர்ந்துபோவது அதனால்தான். வெள்ளைத் தட்டு ஒன்று படத்துக்குள் தெரியும்படி வையுங்கள். உங்கள் செல்போனில் புரோ என்ற அமைப்பு இருந்தால் வெளிச்சத்தின் நிறத்துக்கு ஏற்பப் படத்தைச் சரிசெய்யும் ஒயிட் பேலன்ஸை 5200 முதல் 5500 கெல்வின் வரை கையால் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு கேக் நீங்கள் நேரில் பார்க்கும் நிறத்திலேயே வரும்.

ரிங் லைட் ஏன் வேண்டாம் என்கிறேன்? அது நேர் முன்னாலிருந்து விழும் வெளிச்சம். முகத்தில் சுருக்கம் தெரியாமல் இருக்க அது நல்லது. கேக்குக்கோ சுருக்கமும் பள்ளமும் நுண்துளையும் தெரிந்தால்தான் அழகு. கிரீமின் மடிப்பும் பழத்துண்டின் ஈரமும் பக்கவாட்டிலிருந்து வரும் வெளிச்சத்தில்தான் எடுப்பாகத் தெரியும். நேர் வெயில் விழாத ஜன்னல் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். வெயில் விழுந்தால் பழைய வெள்ளை வேட்டி ஒன்றை ஜன்னலில் கட்டிவிடுங்கள், வெளிச்சம் மென்மையாகிவிடும். ஜன்னல் இடப்பக்கம் இருக்கட்டும். வலப்பக்கம் வெள்ளைத் தெர்மாகோல் அட்டையை நிறுத்தினால், நிழல் விழும் பக்கத்துக்கும் கொஞ்சம் ஒளி திரும்பி வரும். அட்டையை நெருக்கியும் தள்ளியும் வைத்துத் திரையில் பாருங்கள். அதைப் பழகுவதற்கு ஒரு காலைப்பொழுதை முழுதாகக் கொடுத்தாலும் தகும்.

அடுப்படியில் புழங்கும் செல்போனின் லென்சில் எப்போதும் எண்ணெய்ப் படலம் இருக்கும். ஒவ்வொரு முறையும் மெல்லிய பருத்தித் துணியால் துடைத்துவிட்டுத்தான் எடுக்க வேண்டும். கேக்குக்கு மிக அருகில் போகாதீர்கள். முன்பக்கம் வீங்கி, அடுக்கு சாய்ந்தது போலத் தெரியும். இரண்டடி பின்னால் நின்று 2 மடங்கு பெரிதாக்கி எடுங்கள். திரையில் பழத்துண்டின் மேல் விரலை அழுத்திப் பிடித்தால் ஃபோகஸ் அங்கேயே பூட்டிக்கொள்ளும். வெள்ளைக் கிரீம் நிறைந்த படத்தைக் கேமரா தானாகவே மங்கலாக்கும், அப்போது வெளிச்சத்தைச் சற்றுக் கூட்டுங்கள். நாவல்பழ கேக் மாதிரிக் கறுத்த பண்டத்துக்கு அதைச் சற்றுக் குறைக்க வேண்டும். அடுக்கு கேக்கை அதன் உயரத்துக்கே குனிந்து எடுங்கள். டார்ட் போன்ற தட்டையான பண்டத்தை நேர் மேலிருந்து எடுங்கள்.

பின்னணிக்குக் கடப்பாக் கல்லோ பழைய மரப்பலகையோ போதும். மஞ்சளுக்குச் சாம்பல் நீலம் நன்றாக எடுத்துக்கொடுக்கும். வாழையிலை மீது வைத்து எடுப்பது அழகு என்று தோன்றும். ஆனால் இலையின் பச்சை கிரீமின் அடிப்பக்கத்தில் பிரதிபலித்து, நீங்கள் பயந்த அதே பச்சையைக் கொண்டுவந்துவிடும். மாவிலை வைக்க ஆசைப்பட்டால் தட்டுக்குப் பக்கத்தில் வையுங்கள். கேக்கின் மேல் வேண்டாம். மாமரத்துப் பால் சிலருக்கு ஒவ்வாமை தரும்.

ஒரு துண்டு வெட்டி எடுத்த நிலையில் உள்பக்கம் தெரியும்படி கட்டாயம் ஒரு படம் இருக்கட்டும். வாங்குபவர் பார்க்க விரும்புவது அதைத்தான். கேக்கை இரண்டு மணி நேரம் குளிரவைத்து, கத்தியைச் சுடுநீரில் நனைத்துத் துடைத்து, ஒவ்வொரு வெட்டுக்கும் மறுபடி துடைத்து வெட்டினால் அடுக்கு கலங்காது.

உங்கள் வாடிக்கையாளர் வருந்தியதில் நியாயம் இருக்கிறது. ஃபில்டரால் மஞ்சளைக் கூட்டும்போது பழத்துண்டின் விளிம்பும் சாறும் மறைந்து எல்லாம் ஒரே பட்டையாகிவிடும். அதைப் பார்த்து ஆர்டர் கொடுத்தவரின் வீட்டுக்கு வெளிர் மஞ்சள் கேக் போய்ச் சேர்கிறது. பணம் கொடுப்பவர் படத்தை நம்பித்தான் கொடுக்கிறார். அவரிடம் ஒரு வார்த்தை பேசுங்கள். அடுத்த கேக்கின் படத்தை ஃபில்டர் இல்லாமல் அனுப்பி, ‘கலர் சேர்க்கவில்லை, இதுதான் பழத்தின் நிறம்’ என்று கீழே எழுதுங்கள். அந்த வரியைப் படித்துவிட்டு வருபவர்கள்தான் உங்களிடம் நிலைத்து நிற்பார்கள்.

நிச்சயதார்த்தக் கேக்கைத் துணிந்து ஒப்புக்கொள்ளுங்கள். ஆனால் 3 கிலோவை ஒரே தட்டில் சுட வேண்டாம், நடு வேகாது. ஒன்றரைக் கிலோ வீதம் இரண்டாகச் செய்து பக்கத்துப் பக்கத்தில் வைத்தால் மேசையும் நிறைவாக இருக்கும். கூழுக்கான பழத்தை மே மாதத்திலேயே வாங்கிச் சுண்டவைத்து, 200 கிராம் பொட்டலங்களாக ஃப்ரீசரில் போட்டுவிடுங்கள். மைனஸ் 18 டிகிரியில் அது மாதக்கணக்கில் கெடாது. ஜூன் கடைசியில் பங்கனப்பள்ளி முடிந்துவிடும், மேலே வைக்க நீலம் மாம்பழம் கிடைக்கும். நல்ல மணம், நாரில்லாத சதை. ஆனால் நீலம் பழத்தின் கொட்டைக்குள் வண்டு இருப்பது சகஜம். தேவைக்கு மேல் இரண்டு கிலோ கூடுதலாக வாங்கி, ஒவ்வொன்றையும் வெட்டிப் பார்த்த பிறகே பயன்படுத்துங்கள்.

முன்பணம் வாங்கும் முன் மண்டபத்தில் ஏசி உண்டா, கேக்கை எத்தனை மணிக்கு வெட்டுவார்கள் என்று கேளுங்கள். கிரீம் கேக் குளிர்பெட்டிக்கு வெளியே இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது. 32 டிகிரியைத் தாண்டிய வெயிலில் ஒரு மணி நேரம்தான். ஏசி இல்லை, எப்போது வெட்டுவார்கள் என்பதும் உறுதியில்லை என்றால் கிரீம் கேக் தர முடியாதென்று சொல்லிவிடுங்கள். அதற்குப் பதில், மேலே சொன்ன கேக்கையே கிரீம் இல்லாமல் சுட்டுக் கொடுக்கலாம். துண்டுகளையும் அகர் அகரையும் ஐஸ் பெட்டியில் தனியாகக் கொண்டுபோய், அகர் அகரை மண்டபத்துச் சமையற்கட்டில் மறுபடி கொதிக்கவைத்து, வெட்டுவதற்குச் சற்று முன்பு நீங்களே கையால் அடுக்கித் தடவிவிடுங்கள்.